மைனஸ் 27: கராச்சுக்குள்ள ஸ்டார்ட் வருது, வெளியில வருகுதில்லை (ஸ்கான்டிக் 550)

நிப்பிசிங்_மீனவன் | சனி, காலை 9:12

வணக்கம் எல்லாருக்கும். ஒன்ராறியோவில, நோர்த் பேயில இருக்கிறன். வண்டி ஸ்கிடூ ஸ்கான்டிக் 550 (பனியில ஓடுறது), ஃபேன் கூலிங், 2 ஸ்ட்ரோக், ரெண்டு காபரேட்டர். பதினைஞ்சு வருசத்துக்கு மேல பழசு, போன வருசம் ஒரு வயசாளியிட்டை வாங்கினது. நிப்பிசிங் ஏரியில பிக்கரல் மீன் பிடிக்கப் போகேக்கை குடிலையும் சாமானையும் இழுத்துக்கொண்டு போறதுதான் இதின்ர வேலை.

இரவு வெளியில விட்டது, காலமை சோக் போட்டு இழுக்க ஒரு முக்கல்கூட இல்லை. பற்றரி ஸ்டார்ட்டர் நல்லாச் சுத்துது, எஞ்சின் பத்துதில்லை. போன கிழமையும் இதே கதைதான். அப்ப மச்சானோட சேர்ந்து கராச்சுக்குள்ள தள்ளி ஹீற்றர் போட்டு விட்டம், பின்னேரம் இழுத்த உடனை வந்திட்டுது. சூட்டுக்கு வரும், குளிருக்கு வராது.

எஞ்சினை நிப்பாட்டுற கில் சுவிட்ச், ஆள் விழுந்தால் நிப்பாட்டுற டெதர் கயிறு ரெண்டும் பார்த்தாச்சு. ராங்கியில காஸ் (பெற்றோல்) அரைவாசி கிடக்கு, இந்த மாசம் அடிச்சது. ஸ்பார்க் பிளக் ரெண்டும் புதுசு. திருத்துற கடையில ஸ்டேற்றர் (கரண்ட் உண்டாக்கிற சுருள்), சி.டி.ஐ. பெட்டி (பிளக்குக்குப் பொறி அனுப்புறது) ரெண்டையும் மாத்தச் சொல்லினம், 800 டொலருக்கு மேல வருமாம். மாத்தட்டோ?

சட்பரி_அண்ணை | சனி, காலை 9:40

மாத்தாதையுங்கோ தம்பி. கடையில ஆரும் அந்த வண்டியை அளந்து பார்த்தவையோ? அளக்காமல் சொன்ன சாமானுக்கு ஒரு சதமும் குடுக்க வேண்டாம்.

முதல் ஒரு கேள்வி. நல்லா இழுத்து முடிஞ்ச கையோட பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ. நுனி ஈரமா, காய்ஞ்சு கிடக்கா? ஈரமெண்டால் காஸ் உள்ளுக்க வருது, பொறி இல்லை, இல்லாட்டில் காஸ் கூடி மூழ்கிப் போச்சு. காய்ஞ்சிருந்தால் காஸே வரேல்லை. ஸ்டேற்றரும் சி.டி.ஐ.யும் பொறியின்ர பக்கம். பிளக் காய்ஞ்சிருந்தால் அந்த 800 டொலர் முழுக்க வீண்.

அதோட பொறியையும் பாருங்கோ. பிளக்கைத் தொப்பியில மாட்டி, அதின்ர உடம்பு எஞ்சின் இரும்பில நல்லா முட்டுற மாதிரி வைச்சு இழுக்க வேணும். ரெண்டு விசயத்தில கவனம். பிளக் ஓட்டைக்குக் கிட்ட வைக்கக் கூடாது, ஓட்டையால வாற காஸ் ஆவி பத்தும். மற்றப் பக்கத்துத் தொப்பியை வெறுமையாத் தொங்கவிட்டு இழுக்கவும் கூடாது. பொறி இறங்க வழியில்லாட்டில் நல்லா இருக்கிற சி.டி.ஐ.யும் பழுதாகும்.

மார்க்கம்_வாசி | சனி, காலை 10:05

உவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஸ்டார்ட்டிங் ஸ்பிரே ஒரு ரின் வாங்கி காத்துப் பெட்டிக்குள்ள அடிச்சு இழுங்கோ. எங்கட பனி அள்ளுற மிஷினுக்கு அப்பிடித்தான் செய்யிறது, உடனை வரும்.

சட்பரி_அண்ணை | சனி, காலை 10:21

மார்க்கம் தம்பி, உங்கட பனி அள்ளுற மிஷின் பெரும்பாலும் 4 ஸ்ட்ரோக்கா இருக்கும். அதுக்கு ஒயில் அடியில தனியக் கிடக்கு. இது 2 ஸ்ட்ரோக். பிஸ்டனுக்கும் கிராங் பெயரிங்குக்கும் ஒயில் காசோட கலந்துதான் போகுது. ஈதர் ஸ்பிரேயில ஒயில் இல்லை. இருக்கிற கொஞ்ச ஒயிலையும் கழுவிவிட்டிட்டு, வறண்ட சிலிண்டருக்குள்ள படாரெண்டு வெடிக்கும். மைனஸ் 27இல அது பிஸ்டனைச் சுரண்டிப்போடும். நான் சுரங்கத்தில டீசல் மெஷினுகளோட வேலை செய்யிறனான், ஈதர் என்ன செய்யுமெண்டு அங்கையே கண்டிருக்கிறன்.

அதே சோதினையைப் பாதுகாப்பாச் செய்யலாம். ஒரு சின்னப் போத்தலில காசும் 2 ஸ்ட்ரோக் ஒயிலும் 50:1 கலந்து வையுங்கோ. ஒவ்வொரு பிளக் ஓட்டையாலையும் அரைத் தேக்கரண்டி விட்டு, பிளக்கை இறுக்கி இழுங்கோ. ரெண்டு மூண்டு செக்கன் ஓடி நிண்டால் பொறி இருக்கு, கொம்பிரசனும் (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்கிற அழுத்தம்) போதும், காஸ்தான் வரேல்லை எண்டு தெரிஞ்சிடும். அசையவே இல்லாட்டில் பிறகு பொறிப் பக்கம் போவம்.

கராச்சுக்குள்ள செய்யிறதெண்டால் கதவை முழுசாத் திறந்துபோட்டுச் செய்யுங்கோ. ஹீற்றர் நெருப்புக்குக் கிட்ட காஸ் போத்தல் திறக்க வேண்டாம்.

நிப்பிசிங்_மீனவன் | சனி, மதியம் 12:48

அண்ணை, வெளியில வைச்சே செய்தனான். கை விறைச்சுப் போச்சு, ஆனா பதில் கிடைச்சிட்டுது.

பிளக் ரெண்டும் தாள் மாதிரிக் காய்ஞ்சு கிடக்கு. மோந்து பார்த்தாலும் காஸ் மணம் இல்லை. பொறி ரெண்டு பக்கமும் நல்ல நீலம், பகலிலயே தெரியுது. நீங்கள் சொன்ன கலவையை விட்டு இழுக்க உடனை பத்தி, கொஞ்ச நேரம் உறுமி அப்பிடியே நிண்டிட்டுது. திரும்ப விட்டன், திரும்பவும் அதே.

சட்பரி_அண்ணை | சனி, மதியம் 12:55

அப்ப ஸ்டேற்றரும் சி.டி.ஐ.யும் நல்லாத்தான் கிடக்கு. கடைக்குப் போன் பண்ணி வேண்டாமெண்டு சொல்லிவிடுங்கோ. ராங்கியில இருந்து காபரேட்டர் வரைக்கும் எங்கையோ அடைபட்டிருக்கு, அல்லது பம்ப் இழுக்குதில்லை.

ஒட்டாவா_கொங்கு | சனி, மதியம் 1:30

அண்ணா, இது தண்ணி உறைஞ்ச கேஸா இருக்கலாம்னு தோணுது. பெட்ரோல் இந்தக் குளிர்ல உறையாது, ஆனா அதுல இருக்குற தண்ணி உறையும். டேங்க் பாதி காலியா இருந்தா மேல இருக்குற காத்துல இருந்து ஈரம் படிஞ்சு சொட்டுச் சொட்டா அடியில சேரும். டேங்க் உள்ள இருக்குற ஃபில்டர்லயோ கார்புரேட்டர் கிண்ணத்துலயோ போய் ஐஸ் ஆயிடும். கராஜ்ல வச்சா உருகிடும், வண்டி ஓடும். நீங்க சொல்ற அறிகுறி அப்படியே பொருந்துது.

எனக்குப் போன சீசன்ல இதேதான் ஆச்சு. ஐசோபுரோப்பைல் வகை ஃப்யூயல் ஆன்டிஃப்ரீஸ் ஒரு பாட்டில் ஊத்தினேன், சரியாயிடுச்சு. மெத்தனால் வகை மலிவா கிடைக்கும், அதை 2 ஸ்ட்ரோக்ல ஊத்தாதீங்க, ரப்பருக்கு ஆகாது.

இன்னொண்ணு, கோடைல அடிச்ச பெட்ரோலை அப்படியே டேங்க்ல வச்சிருந்தாலும் குளிர்ல ஸ்டார்ட் ஆகாது. குளிர்காலத்துல பெட்ரோல் பங்க்ல விக்கிறது சீக்கிரம் ஆவியாகுற மாதிரி தயாரிச்சது, கோடைப் பெட்ரோல் அப்படி இல்ல. நீங்க இந்த மாசம்தான் போட்டேன்னு சொல்றதால அது உங்களுக்குப் பொருந்தாது.

நிப்பிசிங்_மீனவன் | ஞாயிறு, காலை 8:20

கொங்கு அண்ணா, நன்றி. நேற்றே வாங்கி ஊத்தினன். கராச்சுக்குள்ள சூடாக்கி ஸ்டார்ட் பண்ணி, தெருவோரம் ஒரு சுத்து ஓடி, காபரேட்டர் வரைக்கும் அது கலந்து வரட்டுமெண்டு விட்டன். ராங்கியும் முட்ட நிரப்பினன். இரவு வெளியில விட்டது. இண்டைக்குக் காலமை மைனஸ் 25. திரும்பவும் வராது. பிளக் காய்ஞ்சுதான் கிடக்கு.

பேசாமல் கராச்சில வைச்சு ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு ஏரிக்குப் போகலாமோ எண்டு யோசிக்கிறன். ஓடத் தொடங்கினால் நிக்காமல் ஓடுது.

மூசனி_தாதி | ஞாயிறு, காலை 8:52

தம்பி, தயவு செய்து அப்பிடிப் போகாதையும்.

நான் மூசனியில நேர்சா வேலை செய்யிறன். இஞ்சை வெளியில இருந்து வாறதுக்கு வருசம் முழுக்க ஓடுற ரோட்டு இல்லை, கொக்ரேனில இருந்து ரயில், இல்லாட்டில் பிளேன்தான். குளிர்காலத்தில ஸ்கிடூதான் எல்லாருக்கும் கார். அதாலை சொல்லுறன். நீர் வீட்டில சூட்டோட ஸ்டார்ட் பண்ணி ஏரிக்குப் போவீர், எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு நாலு மணித்தியாலம் மீன் பிடிப்பீர். அதுக்குள்ள எஞ்சின் முழுசாக் குளிர்ந்திடும். பின்னேரம் இருட்டுப்படேக்கை கரையில இருந்து பத்துக் கிலோமீற்றர் தள்ளி நிண்டு கயிறு இழுப்பீர். அங்கை கராச் இல்லை, ஹீற்றர் இல்லை. இழுத்து இழுத்து வேர்த்து, அந்த வேர்வை உடுப்புக்குள்ள குளிர்ந்தால் எவ்வளவு கெதியா உடம்பு விறைக்குமெண்டு நான் வேலையில பார்க்கிறனான். விரல் வெள்ளையாகி உணர்வில்லாமல் வாற ஆக்களுக்குக் கட்டுப் போடுறது எங்களுக்கு வழமையான விசயம்.

இந்த வண்டியின்ர கதையிலயும் அப்பிடி ஒரு அவசரம் இருக்கு. கியூபெக் வல்கூரில 1934 குளிர்காலத்தில ஜோசப் அர்மான் பொம்பார்டியேயின்ர ரெண்டு வயசு மகனுக்குக் குடல்வால் வெடிச்சு வயிறு முழுக்க நஞ்சேறிப் போச்சு. ரோட்டெல்லாம் பனி மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாமல் பிள்ளை செத்திட்டுது. பனியில ஓடுற வண்டி செய்ய வேணுமெண்டு அந்த மனுசன் அதுக்கு முதலே பாடுபட்டுக்கொண்டு இருந்தவர். 1937இல பல்சக்கரமும் பட்டியும் சேர்ந்த ஓட்ட அமைப்புக்குக் காப்புரிமை எடுத்து, ஏழு பேர் இருக்கிற பி7 வண்டி செய்தார். அந்தக் காலத்தில டொக்டர்மாரும் அம்புலன்சுக்காரரும் தபால்காரரும் அந்த வண்டிகளிலதான் போய் வந்தவை. இப்ப நாங்கள் ஓடுற சின்ன ஸ்கிடூ 1959இல வந்தது. ஆளைக் கரை சேர்க்கச் செய்த சாமானில, திரும்பி வருவமோ எண்டு தெரியாமல் ஏறக் கூடாது.

சட்பரி_அண்ணை | ஞாயிறு, காலை 9:30

அக்கா சொன்னது முழுக்கச் சரி. அதோட எஞ்சின் பக்கத்தாலையும் ஒரு பயம் இருக்கு. அதைக் கொஞ்சம் நீட்டி எழுதுறன், ஆறுதலா வாசியுங்கோ.

இந்த எஞ்சினில காஸ் பம்புக்கு வயர் இல்லை, மோட்டர் இல்லை. உள்ளங்கை அளவில ஒரு பெட்டி, அதுக்குள்ள மெல்லிய ரப்பர் சவ்வு. பிஸ்டன் மேல போகேக்கை அதுக்குக் கீழ இருக்கிற கிராங் பெட்டிக்குள்ள காத்து இழுபடும், கீழ வரேக்கை தள்ளுப்படும். அந்த இழுப்பும் தள்ளும் ஒரு சின்ன ஹோசால பம்புக்கு வந்து சவ்வைத் துடிக்க வைக்கும். எங்கட நெஞ்சுத் துடிப்பு மாதிரித்தான். அந்தத் துடிப்பிலதான் காஸ் ராங்கியில இருந்து ஏறி வருது. அந்த ஹோசை இம்பல்ஸ் ஹோஸ் எண்டு சொல்லுவினம்.

கயிறு இழுக்கேக்கை எஞ்சின் மெதுவாத்தான் சுத்தும், துடிப்பும் மெலிவு. ஹோசில சின்ன வெடிப்பு இருந்தாலும் காணும், அந்த மெல்லிய துடிப்பு அதாலையே வெளியில போயிடும். பம்ப் அசையாது. எஞ்சின் ஒருக்காப் பத்தி வேகமா ஓடினால் துடிப்புப் பலக்கும், ஓட்டை இருந்தாலும் சமாளிச்சுக்கொண்டு ஓடும். பழைய ரப்பர் குளிரில இறுகிச் சுருங்க வெடிப்பு வாய் திறக்கும். சூட்டில மெதுவாகி மூடிக்கொள்ளும். ஓடத் தொடங்கினால் நிக்காது எண்டு நீங்கள் எழுதினது, கராச்சில வாறது, வெளியில வராதது, மூண்டும் இதுக்கு ஒத்து வருது.

பயம் எங்கை எண்டால், அந்த ஹோஸ் நேரா ஒரு சிலிண்டரின்ர கிராங் பெட்டிக்குப் போகுது. வெடிப்பாலை வெளிக்காத்தும் உள்ளுக்க போகும். காத்துக் கூடினால் காஸ் விகிதம் குறையும். அந்தப் பக்கத்துப் பிஸ்டன் சூடேறி உருகி ஓட்டை விழும். ஏரிக்குடிலை இழுத்துக்கொண்டு பாரத்தோட ஓடினால் இன்னும் கெதியா நடக்கும். அதாலை, ஸ்டார்ட் வந்தாலும் இதைப் பார்க்காமல் ஓடாதையுங்கோ.

இனி சோதினை. வண்டி குளிரா இருக்கேக்கையே செய்யுங்கோ, சூடாக்கினால் குற்றம் ஒளிச்சிடும்.

பம்பில இருந்து காபரேட்டருக்குப் போற ஹோசைக் கழட்டி ஒரு போத்தலுக்குள்ள விட்டு, கில் சுவிட்சை அமத்தி, பிளக் ரெண்டையும் தொப்பியோட இரும்பில முட்ட வைச்சிட்டு இழுங்கோ. காஸ் துடிச்சுத் துடிச்சு வர வேணும். வரேல்லை எண்டால், ராங்கியில இருந்து பம்புக்கு வாற ஹோசைக் கழட்டிக் கைப்பம்பால இழுத்துப் பாருங்கோ. லேசா வந்தால் ராங்கிக்குள்ள இருக்கிற பில்ற்றரும் ஹோசும் சுத்தம், கொங்கு தம்பி சொன்ன ஐஸும் இல்லை. கடைசியா இம்பல்ஸ் ஹோசை ரெண்டு பக்கமும் கழட்டி எடுங்கோ. ஒரு வாயை விரலால பொத்தி, மற்ற வாயில மருந்து ஏத்துற சிரிஞ்சைச் செருகித் தண்டை இழுத்து விடுங்கோ. சிரிஞ்சின்ர தண்டு தானாத் திரும்ப உள்ளுக்க இழுபட வேணும். இழுபடாட்டில் ஹோஸ் ஓட்டை. வாயால இழுக்காதையுங்கோ, காஸ் தொண்டைக்குள்ள போகும்.

மார்க்கம்_வாசி | ஞாயிறு, காலை 10:10

ஸ்பிரே பற்றின விளக்கத்துக்கு நன்றி அண்ணை, அது எனக்குப் புதுசு. ஆனாலும் கேக்கிறன், உப்பிடிப் பழைய வண்டிக்கு மினக்கெடுறதிலும் பார்க்க இதை வித்துப்போட்டு 4 ஸ்ட்ரோக், பியூவல் இன்ஜெக்சன் வண்டி ஒண்டு எடுத்தால் என்ன? குளிரிலயும் சாவியைத் திருப்ப வருமே.

சட்பரி_அண்ணை | ஞாயிறு, காலை 10:34

காசு இருந்தால் எடுக்கலாம், ஸ்டார்ட்டிங்கில அது திறம்தான். ஆனா இன்ஜெக்சன் பம்புக்குக் கரண்ட் வேணும், 4 ஸ்ட்ரோக்கில பெரும்பாலும் இழுக்கக் கயிறும் இல்லை. பற்றரி செத்தால் ஏரியில வைச்சு ஒண்டும் செய்ய ஏலாது. இந்த ஃபேன் எஞ்சினுக்குப் பொறி வர பற்றரியே தேவையில்லை. ஒரு ஸ்குரூ டிரைவர், பிளக் ஸ்பனர், ரெண்டு பிளக்கோட கரை சேரலாம். மீன் பிடிக்கப் போற ஆளுக்கு நான் இதைத்தான் சொல்லுவன்.

நிப்பிசிங்_மீனவன் | ஞாயிறு, பின்னேரம் 3:15

கண்டு பிடிச்சாச்சு!

போத்தலுக்குள்ள ஒரு சொட்டும் வரேல்லை. ராங்கி ஹோசால கைப்பம்புக்குக் காஸ் தாராளமா வருது. இம்பல்ஸ் ஹோஸ் கிராங் பெட்டியில மாட்டுற முனையில, கிளிப்புக்குக் கீழ, நீட்டுவாக்கில வெடிச்சுக் கிடக்கு. பொருத்தின நிலையில கண்ணுக்கே தெரியாது, கிளிப் மூடிக்கொண்டு நிண்டது. கழட்டி விரலால வளைக்க வாய் திறந்து மற்றப் பக்கம் தெரியுது. சிரிஞ்சு இழுபடவே இல்லை. கராச்சுக்குள்ள கொண்டுவந்து ஹீற்றருக்குக் கிட்டக் கொஞ்ச நேரம் வைச்சுப் பார்த்தன், மெதுவாகி அந்த வெடிப்பு ஒட்டின மாதிரி மூடிக்கொண்டுது. சிரிஞ்சும் அரைவாசிக்கு இழுபட்டுது!

எந்த ஹோஸ் வாங்கிறது? மீன் தொட்டிக்குப் போடுற வெள்ளை ரியூப் வீட்டில கிடக்கு, இப்போதைக்கு அதைப் போடலாமோ?

சட்பரி_அண்ணை | ஞாயிறு, பின்னேரம் 3:40

மீன் தொட்டி ரியூப் வேண்டவே வேண்டாம். மெல்லிய சுவரெண்டால் அதுவே உப்பிச் சுருங்கித் துடிப்பைக் குடிச்சிடும், பம்புக்கு ஒண்டும் போய்ச் சேராது. குளிரில கல்லாகி உடையவும் செய்யும். காசுக்கெண்டு செய்த தடிச்ச சுவர் ரப்பர் ஹோஸ், பழசின்ர அதே உள்விட்டம், அதே நீளம். நீளம் கூடினாலும் துடிப்பு மெலியும். பழைய துண்டைக் கையில கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கோ.

இது வெடிச்ச வயசில மற்ற ஹோசுகளும் அதே வயசுதான். எந்தக் கொம்பனி வண்டியெண்டாலும் ரப்பர் இவ்வளவு காலம் தாங்கினது பெரிய விசயம். காஸ் ஹோஸ் முழுக்க மாத்துங்கோ, பெரிய செலவில்லை. ஒயில் பம்புக்குப் போற ஹோசையும் வளைச்சுப் பாருங்கோ. அதைக் கழட்டினால் உள்ளுக்க காத்துக் குமிழி நிக்கும், மானுவலில இருக்கிறபடி குமிழி போகும்வரைக்கும் ஒயிலை வடிய விட வேணும். குமிழியோட ஓடினால் அந்த நேரம் எஞ்சினுக்கு ஒயில் இல்லை. பாதுகாப்புக்கு முதல் ராங்கி காசிலயும் கொஞ்சம் ஒயில் கலந்து ஓடுங்கோ. புகைக்கும், பரவாயில்லை.

இன்னும் ஒரு வேலை மிச்சம். கொம்பிரசன் அளக்க வேணும். இவ்வளவு நாளும் காத்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்கு, பிஸ்டன் தப்பிச்சுதோ எண்டு தெரியாமல் பாரம் இழுக்கக் கூடாது. எஞ்சின் சூட்டோட, ரெண்டு பிளக்கும் கழட்டித் தொப்பியோட இரும்பில முட்ட வைச்சு, கேஜை பிளக் ஓட்டையில பூட்டி, திரொட்டிலை (வேகம் கூட்டுறது) முழுக்கத் திறந்துகொண்டு இழுங்கோ. ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 10 வீதத்துக்குள்ள இருக்க வேணும். 100 பி.எஸ்.ஐ.க்குக் கீழ வந்தால் ஓடாமல் எனக்கு எழுதுங்கோ.

ஒட்டாவா_கொங்கு | ஞாயிறு, மாலை 6:02

நான் சொன்ன ஐஸ் இல்ல, ஆனா ஹோஸ் விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன். என் வண்டியும் கிட்டத்தட்ட இதே வயசுதான், நாளைக்கே கழட்டிப் பாக்குறேன். மீனவன் அண்ணா, ரெண்டு சிலிண்டர் பிளக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்க. காத்து அதிகமா போன பக்கம் வெளிறிப் போயிருக்கும்.

நிப்பிசிங்_மீனவன் | புதன், காலை 7:35

ஹோஸ் எல்லாம் மாத்தியாச்சு, கிளிப்புகளும் புதுசு. 40 டொலரும் முடியேல்லை. பழைய பிளக்குகள் கராச்சில கிடந்தது, எடுத்துப் பார்த்தன். இம்பல்ஸ் பக்கத்தது வெள்ளையாத்தான் இருக்கு, மற்றது தேத்தண்ணி நிறம். கொம்பிரசன் 122, 118. நேற்று இரவு வெளியில விட்டன், காலமை மைனஸ் 24. சோக் போட்டு இழுக்க வந்திட்டுது! கொஞ்ச நேரத்தில சோக்கைத் தள்ளிவிட, ஐடிலிலயே நிண்டு ஓடுது.

அண்ணை, கொங்கு அண்ணா, அக்கா, எல்லாருக்கும் பெரிய நன்றி. சனிக்கிழமை மச்சான் தன்ர வண்டியோட வாறான், ரெண்டு வண்டியாப் போறம்.

மூசனி_தாதி | புதன், காலை 11:10

நல்லது தம்பி. பிளக், டிரைவ் பெல்ட், தீப்பெட்டி, மாத்து உடுப்பு ஒரு பையில போட்டு வண்டியிலயே வையும். எத்தினை மணிக்குத் திரும்புவீர் எண்டு வீட்டில ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டுப் போம்.

கப்புஸ்கேசிங்_புதியவன் | வியாழன், இரவு 9:48

வணக்கம். இதை வாசிச்சுப்போட்டு என்ர வண்டியையும் பார்த்தன். எனக்கும் ஸ்டார்ட் வருகுதில்லை, ஆனா பிளக் ரெண்டும் சொட்டச் சொட்ட ஈரம். இம்பல்ஸ் ஹோஸ் மாத்தட்டோ?

சட்பரி_அண்ணை | வியாழன், இரவு 10:05

இல்லைத் தம்பி, உங்களுக்குக் காஸ் வருது. அது வேற வழி. முதல் பிளக்கைக் கழட்டித் துடைச்சுக் காய வையுங்கோ. கில் சுவிட்சை அமத்தி, சோக்கை எடுத்து, திரொட்டிலை முழுக்கத் திறந்து, பிளக்குகளை இரும்பில முட்டவைச்சபடி கயிறு இழுத்து உள்ளுக்க நிக்கிற காசை வெளியில தள்ளுங்கோ. பிறகு பொறியைப் பாருங்கோ. புது இழை ஒண்டு திறந்து, என்ன வண்டி, எந்த வருசம், காபரேட்டரோ இன்ஜெக்சனோ, பொறி என்ன நிறம் எண்டு எழுதுங்கோ, அங்கை வாறன்.